தாளின் அடியில் நாலு வரி

அன்புள்ள முருகேசனுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாசல்வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனம் லேசானது. கயல் நுண்கலைக் கல்லூரியில் அச்சுக்கலைப் பிரிவை எடுத்திருக்கிறாள் என்பது அதைவிடப் பெரிய சந்தோஷம். அவள் கேட்டதாக நீ எழுதிய கேள்வியை நாலு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மறுமலர்ச்சிக் காலச் செப்புத்தகட்டு அச்சுகளில் ஏன் ரோமப் புராணத்து வீனஸ் இத்தனை, ஜூபிடர் இத்தனை, ஹெர்குலிஸ் இத்தனை? நிர்வாண உடலை வரையக் கிடைத்த சாக்குதானா?

சாக்கு என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் அந்தத் தாள்களில் பாதி விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். நான் இதை இப்படிப் பார்க்கிறேன். அரண்மனைச் சுவரில் இருக்கும் ஓவியத்துக்கு வீட்டுக்காரர் ஒருவர் உண்டு. யார் உள்ளே வரலாம், பார்த்தவர் என்ன பொருள் கொள்ளலாம் என்பதை அவர் பார்த்துக்கொள்வார். அச்சுத் தாளுக்கு அப்படி யாரும் இல்லை. காசு கொடுத்தவர் கைக்கு அது போய்விடும். அவர் படித்தவரா, சின்னப் பையனா, எந்த ஊர்க்காரர் என்று செப்புத்தகட்டில் படத்தை வெட்டியவனுக்குத் தெரியாது. ஆகவே தான் யார், எதற்காக இருக்கிறோம் என்பதைத் தாளே சொல்லியாக வேண்டும். எது மேன்மை, எது கேடு, எதற்கு என்ன தண்டனை என்று அந்தச் சமூகம் நினைத்தது ஓவியத்தைவிட அச்சில் வெளிப்படையாகத் தெரிவது இதனால்தான்.

ரோமில் பன்னிரண்டு வருஷத்துக்குள் நடந்த மூன்று காரியங்களை வரிசையாக வைத்துப் பார். 1516இல் வாட்டிகன் அரண்மனையில் கர்தினால் பிபியேனாவின் குளியலறைச் சுவர்களில் ஓவியர் ரஃபேலின் பட்டறை வீனஸ் கதைகளை வரைந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதில் ஒரு காட்சி, பாதத்தில் தைத்த முள்ளை வீனஸ் பிடுங்குவது. அதை மார்க்கோ தெந்தே செப்பில் வெட்டினார். அதற்கும் எதிர்ப்பு எழவில்லை. 1524இல் ரஃபேலின் சீடர் ஜூலியோ ரோமானோ வரைந்த கலவிக் காட்சிகளை மார்க்கன்டோனியோ ராய்மொண்டி செப்பில் வெட்டி அச்சிட்டார். போப் ஏழாம் கிளெமென்ட் அவரைச் சிறையில் போட்டார். கவிஞர் பியெத்ரோ அரெத்தீனோ அந்தப் படங்களுக்கு 16 பாடல்கள் எழுதினார். தகடுகள் ஒழிந்தன. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பது வெட்டித் துண்டாக்கிய 9 சிறு பகுதிகள்தான். அந்தத் தாள்கள் எதிர்பாராத இடங்களில் எல்லாம் அகப்பட்டன என்று அந்தக் காலக் கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்கிறார். போப்பாண்டவரின் அரண்மனையைக் கலங்கவைத்தது அந்தப் பரவல்தான் என்பது என் எண்ணம். வரைந்த ஜூலியோ அதற்குள் மாந்துவாவுக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு கேடும் வரவில்லை. அகப்பட்டவர் வெட்டியவர்.

மூன்று வருஷம் கழித்து, 1527இல், 'தேவர்களின் காதல்கள்' என்று 20 தாள் கொண்ட ஒரு வரிசை வந்தது. வெட்டியவர் ஜாக்கோப்போ காராலியோ. வெளியிட்டவர் பாவியேரா, ரஃபேலின் அச்சு வியாபாரத்தைக் கவனித்தவர். ஓவியர் ரோஸ்ஸோ இரண்டு படம் மட்டும் வரைந்து கொடுத்தார், மற்றவை பெரினோ டெல் வாகா. உடல்களின் பின்னலில் 1524இன் தாள்களுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஆனால் இங்கே ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. குதிரை உருவில் வருகிறவன் சாட்டர்ன், சூலத்தோடு இருப்பவன் நெப்டியூன். கீழே செய்யுள் ஓடுகிறது. யாரும் சிறைக்குப் போகவில்லை.

இங்கேதான் 'சாக்கு' என்ற சொல் போதாமல் போகிறது. பெயர் வந்ததும் படத்தின் வேலையே மாறிவிடுகிறது. பெயர் இல்லாத இருவர் என்றால் அது எந்த வீட்டிலும் நடக்கலாம். அதுதான் அச்சம். பெயர் வைத்துவிட்டால் அது ரோமக் கவி ஓவிட் சொன்ன கதை. அந்தக் கதைக்கு ஒரு முடிவு உண்டு. தேவன் ஆசைப்பட்ட பெண் பசுவாகிறாள், மரமாகிறாள். தேவனே ஆனாலும் காமத்தில் மிருக உரு எடுக்கிறான். பார்க்கிறவர் அந்த முடிவைத் தெரிந்துகொண்டே பார்க்கிறார். இது வெறும் பாசாங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் லத்தீன் படித்த பிள்ளைகள் ஓவிட்டை நீதிப்பொருளோடு சேர்த்தே படித்தார்கள்.

கயல் ஒரே ஒரு தாளை ஊன்றிப் பார்க்கட்டும் என்றால், ரஃபேலின் வரைவை வைத்து மார்க்கன்டோனியோ வெட்டிய 'பாரிஸின் தீர்ப்பு' என்பேன். 1510க்கும் 1520க்கும் இடைப்பட்டது, ஏறத்தாழ 29 செ.மீ. உயரம், 44 செ.மீ. அகலம். மூன்று தேவியர். யார் பேரழகி, யாருக்கு ஆப்பிள் என்று ஆட்டிடையன் பாரிஸ் தீர்ப்புச் சொல்கிறான். ஜூனோவுக்கு மயில் அடையாளம். மினர்வா முதுகைக் காட்டி நிற்கிறாள், கேடயமும் தலைக்கவசமும் தரையில். வீனஸ் பக்கத்தில் மன்மதன். அடையாளப் பொருள் இல்லாவிட்டால் மூன்றும் மூன்று பெண்கள், அவ்வளவுதான். வலது மூலையில் ஆற்றுத் தேவர் இருவரும் ஒரு நீரணங்கும் உட்கார்ந்திருக்கிறார்கள். 1863இல் பிரெஞ்சு ஓவியர் மானே தன் 'புல்வெளி விருந்து' ஓவியத்துக்கு அப்படியே எடுத்துக்கொண்டது இந்த மூவரின் அமர்வைத்தான்.

அந்தத் தாளில் ஒரு லத்தீன் வரி வெட்டியிருக்கிறது: அழகின் முன்னால் அறிவும் அறமும் அரசும் பொன்னும் அழுக்கு என்பது அதன் பொருள். மேலோட்டமாகப் படித்தால் வீனஸின் வெற்றி முழக்கம். ஆனால் இதை வாங்கிய படித்தவர் மனதில் வேறொரு பாடம் ஏற்கெனவே இருந்தது. மூன்று தேவியரும் மூன்று வாழ்க்கை வழிகள் என்பது பழைய லத்தீன் எழுத்தாளர் ஃபுல்ஜென்ஷியஸ் காலத்திலிருந்து வரும் விளக்கம். மினர்வா சிந்தனை, ஜூனோ செயல், வீனஸ் இன்பம். ஃப்ளோரன்ஸில் தத்துவ அறிஞர் ஃபிசீனோ அதைப் புதுப்பித்து, மூன்றில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டவர்கள் எல்லாரும் துன்பப்பட்டார்கள் என்று எழுதினார். பாரிஸ் இன்பத்தை எடுத்தான், அவன் ஊரான டிராய் எரிந்தது. ஆகவே அந்த வரி பாரிஸின் வாய்மொழி. தாள் அதைச் சொல்கிறது, பார்க்கிறவர் அதன் விலையை நினைத்துக்கொள்ள வேண்டும். சொல்லையும் படத்தையும் இப்படி எதிரெதிராக நிறுத்தத் துணிந்ததுதான் எனக்கு இந்தத் தாளில் மிகவும் பிடித்தது.

ஜெர்மானியரான ட்யூரர் வேறு விதம். அவருடைய புராணத் தாள்களில் விளக்க வரி இருக்காது. 1498 வாக்கில் வெட்டிய 'ஹெர்குலிஸ்' தாளை எடுத்துக்கொள். ஒரு பெண் தடியை ஓங்குகிறாள், அவள் அறம். அடிவாங்கப் போகிறவள் இன்பம், சாட்டிர் என்ற ஆட்டுக்கால் காட்டுத்தேவன் ஒருவனின் மடியில் சாய்ந்திருக்கிறாள். நடுவில் ஹெர்குலிஸ் ஒரு மரத்தண்டைக் குறுக்கே பிடித்து நிற்கிறான். பழைய கிரேக்கக் கதைப்படி அவன் இன்பத்தை விட்டு அறத்தின் பக்கம் போக வேண்டும். இங்கே அவன் அறத்துக்கு உதவுகிறானா, அடியைத் தடுக்கிறானா என்று இன்றும் வாதம் நடக்கிறது. கல்யாணமான ஒரு நியூரம்பெர்க் வியாபாரி இதை வாங்கிப் போய் நண்பர்களோடு மேஜையில் விரித்து வைத்தால் ஒரு மாலை முழுக்கப் பேசலாம். இந்தத் தாளின் பயனே அதுதான் என்று நினைக்கிறேன்.

1501, 1502 வாக்கில் வந்த 'நெமசிஸ்' அதைவிடக் கூர்மை. நெமசிஸ் பழிக்குப் பழி வாங்கும் தேவி. சிறகு முளைத்த கனத்த பெண் ஒருத்தி உருண்டைமேல் நிற்கிறாள். ஒரு கையில் கிண்ணம், மறு கையில் கடிவாளம். தகுதி உள்ளவனுக்குப் பரிசு, துள்ளுகிறவனுக்கு வாய்ப்பூட்டு. இத்தாலியக் கவிஞர் பொலித்சியானோவின் லத்தீன் கவிதையிலிருந்து எடுத்த உருவம் அது. அவளுக்குக் கீழே இருக்கும் ஊர் ஆல்ப்ஸ் மலைப்பாதையிலுள்ள கிளாஸன். கையில் படத்தோடு அங்கே போய் நின்றால் இடம் வலமாக மாறியிருக்கும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

விலையும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1520இல் ஆன்ட்வெர்ப்பில் ட்யூரர் எழுதிய கணக்கில் முழுத்தாள் 8, அரைத்தாள் 20, கால்தாள் 45, ஒவ்வொரு தொகுதியும் ஒரு கில்டர் நாணயம் என்று இருக்கிறது. அரண்மனைச் சுவரை நினைத்துப் பார்க்க முடியாதவர் பலர் அரைத்தாள் ஒன்றை வாங்கியிருக்க முடியும். கடவுளர் கதைகள் இளவரசர் வீட்டை விட்டு வைத்தியர், வக்கீல், தட்டார் வீடுகளுக்கு வந்தது இந்த வழியில்தான்.

இனி கைவேலை. கயலுக்கு இதுதான் உடனே உதவும்.

தகடு ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள செம்பாக இருக்கட்டும். முதலில் நுரைக்கல்லும் தண்ணீரும், பிறகு மென்மையான கரியும் எண்ணெயும், கடைசியில் மெருகுக்கோல். முகம் தெரிகிற அளவுக்குத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டு விட்ட ஒவ்வொரு கீறலும் மையைப் பிடித்துக்கொண்டு வானத்தில் மழை பெய்வது போல அச்சில் வரும். விளிம்புகளை அரத்தால் சரிவாக ராவ மறந்தால் உருளையின் அழுத்தத்தில் தாள் கிழியும், உருளைக்கும் தாளுக்கும் நடுவே போடும் கம்பளியும் வெட்டுப்படும்.

செம்பை வெட்டும் கருவியான பியூரின் என்பது சதுரம் அல்லது சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட எஃகுக் கம்பி. முனையைச் சுமார் 45 பாகைக்குச் சாய்த்துத் தீட்ட வேண்டும். கைப்பிடி காளான் வடிவில், ஒரு பக்கம் தட்டையாக. உள்ளங்கையில் பிடி பொருந்த, விரல்நுனிக்கு வெளியே ஒன்றரை செ.மீ. நீண்டால் போதும். தள்ளுவது உள்ளங்கை, வழிகாட்டுவது விரல். இதை மட்டும் அவளிடம் அழுத்திச் சொல்: வளைகோட்டுக்குக் கையைத் திருப்பக் கூடாது. மணல் நிரப்பிய தோல் தலையணைமேல் தகட்டை வைத்து, இடது கையால் தகட்டைச் சுழற்ற வேண்டும். கையைத் திருப்பினால் முனை ஒரு பக்கம் சாய்ந்து கோடு ஒரு கரையில் ஆழமாகவும் மறு கரையில் பிசிறாகவும் போகும். முனையைத் தூக்கிப் பிடித்தால் செம்பில் குத்தி நின்றுவிடும், அல்லது நுனி ஒடியும். மிகத் தாழ்த்தினால் வழுக்கிக்கொண்டு தகடு நெடுக ஓடும். ஓடிய கோட்டை அழிக்கச் சுரண்டியால் சுரண்டி, மெருகிட்டு, பள்ளமான இடத்தைத் தகட்டின் முதுகிலிருந்து மெல்லத் தட்டி மேலே கொண்டுவர வேண்டும். கோட்டின் இரு கரையிலும் எழும் பிசிறை உடனுக்குடன் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் மை அதில் ஒட்டிக்கொண்டு கோடு பஞ்சு பஞ்சாக வரும்.

உடலுக்கு வட்டம் கொடுப்பது கோட்டுப் பின்னல். மார்க்கன்டோனியோவின் முறை ஒழுங்கானது. தசையின் வளைவைத் தொடர்ந்து ஒரு வரிசை, அதன்மேல் சாய்சதுரம் விழும்படி இன்னொரு வரிசை, வெளிச்சம் தொடங்கும் ஓரத்தில் கோடு ஒடிந்து சிறு புள்ளிகளாகக் கரையும். இரண்டு வரிசையும் செங்கோணத்தில் வெட்டினால் தோல்மேல் கொசுவலை போர்த்தியது போல இருக்கும். மிகக் குறுகிய கோணத்தில் வெட்டினால் மை ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்புத் திட்டாகும். ட்யூரரின் 1504ஆம் ஆண்டு 'ஆதாம் ஏவாள்' தாளுக்கு முடியாத நிலையில் எடுத்த பிரதிகள் உள்ளன. அவற்றில் பின்னணிக் காடு நிறைவாக இருக்கிறது, உடல்கள் வெறும் புறக்கோடு. பின்னால் இருட்டு எவ்வளவு என்று தெரிந்தால்தான் தோலுக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்று தெரியும். கயலும் அந்த வரிசையில் போகட்டும்.

மைக்குத் திராட்சைக்கொடிக் கரியும், காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும். எண்ணெயை விரலிடையில் வைத்துப் பிரித்தால் ஒற்றைக் கம்பிப் பாகு போல நூலிழுக்க வேண்டும். அதற்குக் குறைந்த பதமென்றால் மை தாளில் பரவிக் கோட்டைச் சுற்றி மஞ்சள் நிழல் விழும். தீப்பிடிக்கும் வேலை, வீட்டுக்குள் வேண்டாம். கடையில் கிடைக்கும் தகட்டு மையே அவளுக்குப் போதும். தகட்டை இளஞ்சூடாக்கி மையைத் தட்டி இறக்கி, மேற்பரப்பை விறைப்பான வலைத்துணியால் வட்டமாகத் துடைத்து, கடைசியாகச் சாக்பீஸ் தூள் தொட்ட உள்ளங்கையால் ஒரு வீச்சு. அழுத்தித் துடைத்தால் துணி பள்ளத்துக்குள் இறங்கி மையை இழுத்துவிடும், கோடு சாம்பலாக வரும். தாளை முதல் நாள் இரவே நனைத்து, பளுவின்கீழ் அடுக்க வேண்டும். ஈரம் போதாவிட்டால் தாள் பள்ளத்துக்குள் இறங்காது, கோடு விட்டுவிட்டு வெள்ளையாகும். மேலே தண்ணீர் பளபளத்தால் மையே ஒட்டாது.

இடவலம் மாறுவதற்குக் காரணம் எளிது. தகட்டில் உள்ளது தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். ட்யூரர் கிளாஸன் ஊர்ப்படத்தை நேராகவே தகட்டில் வெட்டினார், அதனால் அச்சில் திரும்பிவிட்டது. ஊர் திரும்பினால் பரவாயில்லை. வாள் இடது கைக்குப் போனால் போர்வீரன் இடதுகைக்காரன் ஆகிறான். எழுத்தோ திரும்பினால் படிக்கவே முடியாது. ஆகவே வரியை மெல்லிய தாளில் எழுதி, எண்ணெய் தடவி, கவிழ்த்துப் போட்டுத் தகட்டில் பதிய வைத்து வெட்டுவார்கள். இடவலம் திரும்பிப்போன எழுத்தை நல்ல தாள்களில்கூடப் பார்க்கலாம்.

கீழே வரும் சுருக்கக் குறிகளையும் அவள் பழகிக்கொள்ளட்டும். 'இன்வெனிட்' என்றால் வரைந்தவர், 'ஸ்குல்ப்சிட்' வெட்டியவர், 'எக்ஸ்குடிட்' வெளியிட்டவர். தகடு கை மாறும்போது மூன்றாவது பெயர்தான் மாறும். மார்க்கன்டோனியோவின் தகடுகள் பின்னால் ரோம் வியாபாரி சலமாங்காவிடம் போயின. அவர் பெயர் இருந்தால் அது பிந்திய பிரதி. ஒரு செப்புத்தகடு சில நூறு நல்ல பிரதி தரும். பிறகு முதலில் போவது அந்த ஓரப் புள்ளிகள்தான். புள்ளி போனால் உடலின் வட்டம் போய், வீனஸ் பலகையில் வெட்டியவள் போலத் தட்டையாகிவிடுவாள். தேய்ந்த பிரதியைப் பார்த்துவிட்டு மார்க்கன்டோனியோவை வறட்டுக்கை என்று ஏசுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வரும்.

வெட்டியவர்களில் பெண்கள் உண்டா என்று நீ கேட்டிருந்தாய். உண்டு. இத்தாலிய நகரான மாந்துவாவின் தியானா, தந்தையிடமே தொழில் கற்றவர். 1575இல் தன் தாள்களை மற்றவர் நகலெடுக்காதபடி போப்பிடம் உரிமை வாங்கினார். அதே வருஷம் ஜூலியோ ரோமானோவின் சுவரோவியத்தை வைத்து மன்மதனுக்கும் அவன் காதலி சைக்கிக்கும் நடந்த திருமண விருந்தை மூன்று தகட்டில் வெட்டினார். ஆடையற்ற உருவத்தை நேரில் பார்த்து வரையும் வாய்ப்பு அன்றைய பெண்ணுக்கு இல்லை. பிறர் வரைவைச் செப்பில் பெயர்ப்பதும், அதில் ஒரு கல்யாணக் காட்சியைத் தேர்ந்ததும், தன் பெயரைத் தெளிவாக வெட்டியதும் அவர் கண்டுபிடித்த வழி. கயலுக்கு அவரைப் பற்றிக் கட்டாயம் சொல்.

நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் ஹார்லெமில் செப்பு வெட்டியவர் கோல்ட்சியஸ். குழந்தையில் நெருப்பில் விழுந்து வலது கை விறைத்துப்போனவர். 1588இல் அவர் வரைந்த அந்தக் கையின் படம் டெய்லர்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. விரல் மடங்காத கை பியூரினைத் தோளிலிருந்து தள்ளியது, அவருடைய கோடுகளின் நீண்ட வீச்சுக்கு அது ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. ஒரே கோடு மெலிந்து தொடங்கி நடுவில் பருத்து மீண்டும் மயிராக மெலியும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தே அதைச் செய்ய வேண்டும், இரண்டாம் முறை போகக் கூடாது. அதே 1588இல் ஓவியர் கார்னெலிஸின் வரைவை வைத்து அவர் வெட்டியவை நான்கு வட்டத் தாள்கள், ஒவ்வொன்றும் சுமார் 33 செ.மீ. குறுக்களவு. டான்டலஸ், இக்காரஸ், பேத்தான், இக்சியன். கிரேக்கக் கதைகளில் தன் அளவை மீறிக் கைநீட்டிய நால்வர், நால்வரும் தலைகுப்புற விழுகிறார்கள். லத்தீன் வரிகள் வட்டத்தைச் சுற்றியே ஓடுகின்றன. அளவுமீறாதே என்ற அந்தப் பாடத்தை வெட்டிய கையோ, செம்பு எவ்வளவு தாங்கும் என்று எல்லைவரை போய்ப் பார்த்த கை.

இந்த வட்ட வரியில் இன்னொரு நன்மை உண்டு. பழைய சேகரிப்பாளர்கள் தாளின் ஓரங்களைத் தகடு அழுந்திய தடம் வரை, சிலர் அதற்கும் உள்ளே, கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டினார்கள். முதலில் பலியானது அடியில் இருந்த செய்யுள்பட்டி. செய்யுள் போன தாளைப் பார்ப்பவருக்கு உடல் மட்டுமே மிஞ்சும், 'இது சாக்கு' என்று தோன்றுவது இயல்பு. கயல் பார்த்தவற்றில் எத்தனை அப்படி அடி அறுபட்டவையோ. அதனால் எந்தத் தாளைப் பார்த்தாலும் முதலில் நாலு விளிம்பையும் பார்க்கச் சொல்: தகட்டின் தடம் இருக்கிறதா, அடிப்பட்டி இருக்கிறதா.

அவள் முதல் தகட்டைச் சிறிதாக எடுக்கட்டும், 10க்கு 8 செ.மீ. போதும். ஒரே உருவம், முகத்தை வைத்தல்லாமல் கையிலுள்ள பொருளை வைத்து யார் என்று தெரியும்படி. அடியில் ஒன்றரை செ.மீ. பட்டி விட்டு அவளே ஒரு வரி எழுதி வெட்டட்டும், தமிழில். சுழி நிறைந்த நம் எழுத்தைத் திருப்பி வெட்டுவது கடினம். 'ழ'வும் 'ஞ'வும் தகட்டைச் சுழற்றும் பழக்கத்தை நன்றாகவே சொல்லிக்கொடுக்கும்.

முதல் பிரதியை எனக்கு ஓரம் வெட்டாமல் அனுப்பச் சொல். உருளையில் சுருட்டாதே, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துத் தட்டையாக அனுப்பு.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தியாகு